ஒத்த பொருளும் ஒவ்வாச் சொல்லும்: ஆங்கில அணுக்கச் சொற்களைப் பிரித்தறியும் நெறி

முன்னுரை

சொல் என்பது கருவி. உளியும் அரமும் இரும்பினால் ஆயவையே. எனினும் உளி செய்யும் பணியை அரம் செய்யாது. அரத்தின் பணியை உளி செய்யாது. கருவிகளிடையே உள்ள இவ்வேறுபாட்டைத் தொழிலாளி முதல் நாளிலேயே அறிந்துகொள்கின்றான். சொற்களிடையே உள்ள வேறுபாட்டையோ நாம் வாழ்நாள் முழுவதும் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றோம். அதனால் விளையும் இழப்பு சிறிதன்று என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓசூர் வட்டாரம் பன்மொழிப் பூமி. தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. நம் இல்லங்கள் பலவற்றில் உருது வழங்குகின்றது. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகி, 1980-ஐ ஒட்டி மொபெட்டும் சரக்குந்தும் ஆக்கும் ஆலைகளும், அதன்பின் கைக்கடிகார ஆலையும் இங்கு எழுந்த நாள்தொட்டு ஐந்தாவதாக ஒரு மொழி வந்து சேர்ந்தது. அதுவே ஆலையின் ஆங்கிலம். இயந்திரத்தின் மேல் ஒட்டிய பலகையிலும், அளவுக் குறிப்பேட்டிலும், பணிநியமனக் கடிதத்திலும், குறிப்பாணையிலும் அம்மொழியே ஆட்சி செய்கின்றது. நம் மாணவர் பலரும் இம்மொழியோடுதான் தம் வாழ்க்கையைத் தொடங்குகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் பழைய கடிதங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தார். ஒன்று ஓர் ஆலை அவருக்கு வழங்கிய நியமனக் கடிதம். மற்றொன்று அதே ஆலையின் குறிப்பாணைக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய மறுமொழியின் படி. முதற்கடிதம் வந்த நாளில் அவர்தம் இல்லத்தில் இனிப்பு வழங்கினர். இரண்டாவதை எழுதிய பதினைந்தாம் நாள் அவருக்கு வேலை இல்லை. இரண்டு கடிதங்களிலும் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. தெரிந்த சொல்லுக்கும் அதன் அண்டைச் சொல்லுக்கும் இடையேயுள்ள வேலியைத்தான் அவர் அறிந்திருக்கவில்லை. அவ்விரு கடிதங்களுக்கும் உரிய இடத்தில் மீண்டும் வருவோம்.

தொல்காப்பியர் காட்டிய வழி

ஒருபொருள் குறித்த பல சொற்களை ஆராய்வது ஆங்கிலேயர் நமக்குக் கற்பித்த கலையன்று. கிள்ளை, தத்தை, சுகம் என்பன கிளியைக் குறிக்கும் பல சொற்கள் என இலக்கண உரைகள் காட்டும். இத்தகைய சொற்களைத் தொல்காப்பியம் திரிசொல்லின்பாற்படுத்தியது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒத்த பொருட்சொற்களைத் தொகுத்துத் தந்தன. மாணாக்கர் அவற்றை மனப்பாடம் செய்தனர்.

தொகுத்தல் ஒரு பணி. பிரித்தறிதல் மற்றொரு பணி. இவ்விரண்டாம் பணிக்கும் தொல்காப்பியரே முன்னோடி. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் பிறரிடம் ஒன்றை வேண்டும்போது வழங்கும் சொற்கள். பொருள் ஒன்றே. ஆயினும் தன்னினும் உயர்ந்தோனிடம் கேட்பவன் 'ஈ' என்பான். ஒத்தவனிடம் கேட்பவன் 'தா' என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் 'கொடு' என்பான். இவ்வாறு எச்சவியல் வரையறுக்கின்றது. சொல்லின் பொருளை மட்டும் பாராமல், யார் யாரிடம் சொல்கின்றார் என்பதையும் பார்க்கவேண்டும் என்பது இதனால் பெறப்படும் முதல் விதி.

கிளவியாக்கத்தில் மற்றுமொரு விதி உளது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. அஃதாவது, செயல் எத்திசை நோக்கியது என்பதனாலும் சொல் வேறுபடும். ஆங்கிலத்தில் 'கம்', 'கோ' என்னும் சொற்களுக்கும், 'ப்ரிங்', 'டேக்' என்னும் சொற்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிதும் இதுவே. பேசுவோனை நோக்கியோ கேட்போனை நோக்கியோ கொண்டுவருதல் 'ப்ரிங்'. அப்பால் கொண்டுபோதல் 'டேக்'. இதனைத் தனியே உருப்போடத் தேவையில்லை. தொல்காப்பியம் கற்ற மாணவனுக்கு இவ்வேறுபாடு முன்பே கைவந்தது.

நாட்டுப்புறத்து உழவரும் இக்கலையில் வல்லுநர். வேம்பின் இலையை இலை என்பர். நெல்லினதைத் தாள் என்பர். கரும்பினதைத் தோகை என்பர். பனையினதை ஓலை என்பர். காய்ந்தால் இலை சருகாகும். தாளும் தோகையும் சண்டாகும். இவ்வேறுபாடுகளைத் தேவநேயப் பாவாணர் விரித்துரைத்துள்ளார். பள்ளிப்படிப்பு இல்லாத பாட்டியும் கரும்பின் ஓலை என்று சொல்லமாட்டார். நம்மிடம் இவ்வாற்றல் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் என்றவுடன் அதனைப் பயன்படுத்த நாம் மறந்துவிடுகின்றோம்.

அரபு மொழியில் அமைந்த எடுத்துக்காட்டு

நம் சமுதாயத்தார்க்கு ஜகாத், ஸதகா, ஹதியா என்னும் மூன்று சொற்களும் சிறு வயதிலேயே அறிமுகமானவை. மூன்றும் கொடுத்தலைக் குறிப்பனவே. எனினும் ஜகாத் கடமை. குறித்த அளவுச் செல்வம் உடையோர் குறித்த விழுக்காட்டைக் கணக்கிட்டுக் கொடுப்பது. ஸதகா என்பது பெரும்பாலும் விரும்பி அளிக்கும் அறக்கொடையைக் குறித்து வழங்குவது. ஹதியா அன்பின் அடையாளமாக அளிக்கும் அன்பளிப்பு.

இதனை விளக்கும் நபிமொழி ஒன்று பலரும் அறிந்ததே. பரீரா (ரலி) என்னும் பெண்மணிக்கு ஸதகாவாக இறைச்சி வந்தது. ஸதகாப் பொருளை நபி (ஸல்) அவர்கள் உண்பதில்லை. ஆயினும், அது பரீராவுக்குத்தான் ஸதகா, அவரிடமிருந்து நமக்கு வரும்போது அது ஹதியா என்று நபியவர்கள் விளக்கினார்கள். இறைச்சி ஒன்றே, கை மாறியவுடன் அதன் பெயர் மாறியது. பெயர் மாறியவுடன் உண்ணத்தகாதது உண்ணத்தக்கதாயிற்று. ஒரு சொல்லின் வேறுபாடு ஒரு சட்டத்தின் வேறுபாடாக அமைவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹிலால் அல்அஸ்கரீ என்னும் அறிஞர் அரபு மொழியின் அணுக்கச் சொற்களுக்கிடையேயுள்ள வேறுபாடுகளை மட்டுமே ஆராய்ந்து 'அல்ஃபுரூக்' என்னும் நூலை இயற்றினார். 'ஃபுரூக்' என்னும் சொல்லுக்கு வேறுபாடுகள் என்பதே பொருள். உருதுவில் 'ஃபரக்' என்று நம் வீடுகளில் நாளும் வழங்கும் சொல்லின் பன்மையே அது.

ஆங்கிலத்தில் இத்துணைச் சொற்கள் ஏன்?

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் சில நூற்றாண்டுகள் அந்நாட்டில் உழவரும் தொழிலாளரும் பழைய ஆங்கிலம் பேசினர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கியது. கல்விக்கும் சமயத்திற்கும் இலத்தீன் உரியதாயிற்று. மூன்றும் கலந்தபோது ஒரே பொருளுக்கு மும்மூன்று சொற்கள் நிலைத்தன. 'ஆஸ்க்' என்பது மண்ணின் சொல். 'கொஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது. 'இண்டராகேட்' இலத்தீனிலிருந்து பெற்றது. நண்பரிடம் வழி கேட்பது முதற்சொல். ஒருவர் கூற்றை ஐயுற்று வினவுவது இரண்டாவது. காவல்துறையினர் விசாரிப்பது மூன்றாவது.

தமிழிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. வரவு தமிழ்ச்சொல்; வசூல் அரபு வழிச் சொல். வருவது வரவு, கேட்டுத் திரட்டுவது வசூல். நிறுத்தியது மீண்டும் தொடங்கலாம். ரத்து செய்தது இல்லாமற்போயிற்று. அண்டை வீட்டிலிருந்து வந்த சொல் நம் வீட்டில் வீணே இருப்பதில்லை. தனக்கென ஒரு வேலையைத் தேடிக்கொள்கின்றது.

ஆங்கிலத்திலும் இவற்றைப் பிரித்துக்காட்டும் நூல்கள் தோன்றின. ஹெஸ்டர் பியோஸி அம்மையாரின் நூல் 1794-இலும், ஜார்ஜ் கிராபின் நூல் 1816-இலும் வெளிவந்தன. 1852-இல் வெளிவந்த ரோஜெட்டின் சொற்களஞ்சியமோ நம் நிகண்டினைப் போன்று தொகுத்துக் காட்டுவது. மாணவர் கையில் இன்று பெரிதும் தவழ்வது ரோஜெட்டின் வழிவந்த பட்டியல்களே. பட்டியலில் அருகருகே நிற்பதனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கலாம் என அவர்கள் கருதிவிடுகின்றனர். கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

எச்சரிக்கைப் பலகைகள்

ஓசூர் மின்கம்பத்தில் 'அபாயம்' என்று எழுதியிருக்கும். எல்லையைக் கடந்து அத்திப்பள்ளிக்குச் சென்றால் கன்னடத்தில் 'அபாய' என்றிருக்கும். தெலுங்கிலும் அச்சொல்லே. இவ்வொருமை நமக்கு வசதி. ஆயினும் ஆலைக்குள் நுழைந்தால் 'டேஞ்சர்', 'வார்னிங்', 'காஷன்', 'நோட்டீஸ்' என நான்கு பலகைகள் நிற்கும். நான்கையும் நம் தொழிலாளர் 'ஜாக்கிரதை' என்னும் ஒரே சொல்லால் கடந்துசெல்கின்றனர்.

இவை ஒன்றல்ல. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் 'இசட் 535.4' என்னும் தரநெறி இவற்றைப் படிவரிசையாக வகுத்தது. தவிர்க்காவிடில் இறப்போ கடுங்காயமோ நேரும் என்னும் நிலை 'டேஞ்சர்'; நேரக்கூடும் என்னும் நிலை 'வார்னிங்'; சிறுகாயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும் என்பது 'காஷன்'. உடற்காயம் பற்றியதன்றி இயந்திரச் சேதம் போன்றவை பற்றிய அறிவிப்பு 'நோட்டீஸ்'. முறையே சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், நீலம் ஆகிய நிறங்கள் இவற்றுக்கு உரியன. வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரங்களில் இம்முறையைப் பெரிதும் காணலாம். 'நேரும்', 'நேரக்கூடும்' என்னும் இரு வினைமுற்றுகளுக்கு இடையேயுள்ள தொலைவே 'டேஞ்சர்', 'வார்னிங்' ஆகியவற்றின் தொலைவு. அச்சத்தைக் குறிக்கும் சொற்களாகப் பேம், நாம், உரும் என்னும் மூன்றை உரியியலில் தொகுத்தார் தொல்காப்பியர். ஆலையின் அச்சச்சொற்களைத் தொகுப்பதோடு அமையாமல், அவற்றைப் படிவரிசைப்படுத்தியும் கற்றல் வேண்டும்.

'ஹசார்ட்', 'ரிஸ்க்' என்னும் இணையும் இத்தகையதே. தளி, சவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் ராகி விளையும் காலத்தில் யானைகள் வயலுக்கு வருதல் நாம் அறிந்தது. காட்டில் யானைக்கூட்டம் இருப்பது 'ஹசார்ட்'. அது தீங்கின் ஊற்று. இரவில் காவலுக்குத் தனியே வயலுக்குச் செல்லும் உழவர் மேற்கொள்வது 'ரிஸ்க்'; அத்தீங்கு நிகழும் வாய்ப்பும் நிகழ்ந்தால் விளையும் கேட்டின் அளவும் சேர்ந்தது அது. யானையை அகற்ற இயலாது. தனியே செல்வதைத் தவிர்க்க இயலும். முன்னதை இடர் எனவும் பின்னதை இடர்ப்பாட்டு வாய்ப்பு எனவும் தமிழில் பிரித்து வழங்கலாம். அமிலக் கலன் ஆலையில் இருக்கும்வரை இடர் இருக்கும். மூடியும் கையுறையும் பயிற்சியும் இருந்தால் இடர்ப்பாட்டு வாய்ப்புக் குறையும். போபால் நச்சுவாயு விபத்து 1984-இல் நிகழ்ந்தபின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பெற்றபோது 'ஹசார்டஸ் ப்ராசஸ்' என்னும் தொடர் அச்சட்டத்தில் இடம்பெற்றது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

இதற்கு நேர்மாறான இணையும் ஒன்றுண்டு. தேசிய நெடுஞ்சாலை 44-இல் செல்லும் எரிபொருள் ஊர்திகளின் பின்புறம் 'இன்ஃப்ளேமபிள்' என எழுதியிருக்கும். 'இன்' என்பது எதிர்மறை முன்னொட்டு எனக் கற்ற மாணவன், இது தீப்பற்றாதது எனக் கொள்வான். இங்கு அது எதிர்மறையன்று. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டும் எளிதில் தீப்பற்றுவது என்னும் ஒரே பொருளன. பற்றாதது 'நான்-ஃப்ளேமபிள்'. ஒன்றுபோல் தோன்றுவன வேறாதலும், வேறுபோல் தோன்றுவன ஒன்றாதலும் மொழியில் உண்டு.

அளவைச் சொற்கள்

1984-இல் நிறுவப்பெற்ற டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை அமைந்த ஊர் ஓசூர். நுண்ணளவு இவ்வூரின் அன்றாட மொழி. ஆயினும் 'அக்யூரசி', 'ப்ரிசிஷன்' என்னும் இரண்டையும் 'துல்லியம்' என்றே சொல்லிவிடுகின்றோம். இன்றைய தமிழ்வழி இயற்பியல் பாடநூல் முன்னதைத் துல்லியத்தன்மை எனவும் பின்னதை நுட்பம் எனவும் பிரித்துள்ளது. பேச்சு வழக்கிற்கு அப்பிரிவு இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் கடிகாரம் ஒன்று நாள்தோறும், எந்நேரமும், சரியாக ஐந்து நிமிடம் முந்தியே காட்டுகின்றது எனக் கொள்வோம். அது 'ப்ரிசிஷன்' உடையது, 'அக்யூரசி' அற்றது. அதாவது, தன்னோடு தான் மாறுபடாது, மெய்யோடு மாறுபடும். மற்றொரு கடிகாரம் ஒருநாள் இரண்டு நிமிடம் முந்தும், மறுநாள் இரண்டு நிமிடம் பிந்தும். சராசரி மெய்யோடு பொருந்தினும், எந்த ஒரு நாளிலும் அதனை நம்பித் தொழுகைக்குப் புறப்பட இயலாது.

நம் மாணவர்க்கு நேர்ந்தது முதற்கடிகாரத்தின் கதை. துளையின் விட்டம் 25.00 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அவர் ஐந்து முறை அளந்தார். ஐந்து முறையும் அளவி 25.00 என்றே காட்டியது. உண்மை விட்டமோ 25.10. அளவியின் தொடக்கப் புள்ளியே பிசகியிருந்தது. இதனை ஆங்கிலத்தில் 'ஜீரோ எரர்' என்பர். அவர் அளந்த முறையில் பிசகில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவியில் பிசகு இருந்தது. உருப்படிகள் ஒரு தொகுதி முழுவதும் கழிக்கப்பட்டன. குறிப்பாணை வந்தது.

நியமனக் கடிதம்

குறிப்பாணைக்குச் செல்லுமுன் அவருடைய முதற்கடிதத்தைப் பார்ப்போம். அதில் அவர் 'ட்ரெய்னி' எனக் குறிக்கப்பட்டிருந்தார். ஊதியத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டைபெண்ட்' என்றிருந்தது. பையன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று வீட்டார் மகிழ்ந்தனர்.

ஆலையில் பணிபுரிவோரைக் குறிக்கும் சொற்கள் பல. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பெற்ற மாதிரி நிலையாணைகள் அவற்றைப் பிரித்துக்காட்டின. 'பர்மனெண்ட்' நிலையான தொழிலாளி. 'ப்ரொபேஷனர்' நிலையான இடமொன்றை நிரப்ப அமர்த்தப்பட்டுத் தகுதி பார்க்கப்படுபவர். 'பதிலி' வாராதவர் இடத்தில் வந்தவர். 'டெம்பரரி' குறித்த காலத்தில் முடிந்துவிடும் தன்மையுள்ள வேலைக்கு வந்தவர். 'கேஷுவல்' அவ்வப்போது நேரும் வேலைக்கு வந்தவர். 'அப்ரெண்டிஸ்' தொழில் பழகுநர். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர். அவர் பெறுவது 'வேஜஸ்' என்னும் கூலியன்று, 'ஸ்டைபெண்ட்' என்னும் உதவித்தொகை.

இச்சொற்களுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியுள்ளது. தமிழ்நாட்டில் 1981-இல் இயற்றப்பெற்ற சட்டம், 24 மாதக் காலத்தில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளரை நிலைப்படுத்த வேண்டும் என்கின்றது. அவ்வுரிமையைக் கேட்க முற்படும்போது எழும் முதல் வினா, கேட்பவர் தொழிலாளரா, பழகுநரா, பயிற்சியாளர் என்னும் பெயரில் தொழிலாளரின் வேலையைச் செய்தவரா என்பதே. விடை சொல்லில் தொடங்குகின்றது. ஆகவே கடிதம் வந்தவுடன் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. தம்மை அக்கடிதம் எச்சொல்லால் அழைக்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

வேலை நீங்கும் சொற்கள்

வேலை போயிற்று என்று தமிழில் ஒரே தொடரால் சொல்லிவிடுகின்றோம். சட்ட ஆங்கிலத்தில் அது பல வகைப்படும். 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் வகுத்த இவ்வேறுபாடுகளை 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் பெரும்பாலும் அவ்வாறே ஏற்றுக்கொண்டுள்ளது.

மின்சாரமோ மூலப்பொருளோ இன்மையால், அல்லது இயந்திரப் பழுதினால், பெயர்ப்பட்டியலில் உள்ளவருக்கு வேலை தர இயலாமை 'லே ஆஃப்'. அங்கு வேலை நீங்கவில்லை, இடைநிற்கின்றது. சட்டத்தின் வரம்புக்கு உட்பட்டோர்க்குப் பாதி ஊதியம் இழப்பீடாக உண்டு. தண்டனையாக அன்றி வேறு காரணத்தால் ஆளைக் குறைப்பது 'ரிட்ரெஞ்ச்மெண்ட்'. அதற்கு முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. எட்டாண்டு உழைத்தவர்க்கு அது 120 நாள் ஊதியமாகும். நிருவாகம் தற்காலிகமாகக் கதவை அடைப்பது 'லாக் அவுட்'. நிலையாக மூடுவது 'க்ளோஷர்'. குற்றத்திற்குத் தண்டனையாக நீக்குவது 'டிஸ்மிஸல்'. தாமே விலகுவது 'ரிசிக்னேஷன்'.

இங்கு இரண்டு கண்ணிகள் உள. பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களைப் பற்றிய செய்திகளில் வரும் 'லே ஆஃப்' பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. அது வேலை அடியோடு போனதைக் குறிக்கும். நம் நாட்டுச் சட்டத்தின் 'லே ஆஃப்' அதுவன்று. செய்தித்தாளின் பொருளைக் கடிதத்தின் மேல் ஏற்றிப் பார்த்து அஞ்சுதல் கூடாது. மற்றொன்று, ஆட்குறைப்புக்கு உள்ளானவர் யாரோ சொன்னதை நம்பி 'ரிசிக்னேஷன்' என்று எழுதிக் கையொப்பமிட்டால், தாமே விலகியவராகிவிடுவார். அந்த 120 நாள் ஊதியத்தை அவர் கேட்பது அரிதாகும். ஒரு சொல்லின் விலை இது.

தவறு, குற்றம், குறை

இனி நம் மாணவரின் இரண்டாம் கடிதம். விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணைக்கு அவர் இரண்டே வரியில் மறுமொழி எழுதினார். அதன் முதல் வரி: 'இட் இஸ் மை ஃபால்ட்.' நாம் அதனைப் படித்துவிட்டு அவரை நோக்கினோம். "ஐயா, 'ஃபால்ட்' என்றால் தவறுதானே? பெரியவர்கள் கேட்கும்போது தப்பு என்னுடையதுதான் என்று சொல்வது மரியாதையல்லவா?" என்றார்.

அவர் சொன்னது தமிழ்ப் பண்பு. நம் வீடுகளில் தந்தை சினந்தால், தவறு யாருடையதாயினும், மகன் தன்மேல் ஏற்றுக்கொண்டு தலை குனிவான். தந்தையும் அதனைப் பணிவு என்றே கொள்வார். ஆலையின் கோப்பு தந்தையன்று. அது பணிவை அறியாது. எழுத்தை மட்டுமே அறியும். 'ஃபால்ட்' என்னும் சொல் பொறுப்பைச் சுமத்தும் சொல். அவ்வரி குற்ற ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. பயிற்சி நிலையில் இருந்தமையால் அவரை விலக்குவதும் எளிதாயிற்று.

உருது வழங்கும் வீட்டில் பிறந்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. கலதி, குஸூர், ஐப் என்னும் மூன்றையும் நாம் மயங்குவதில்லை. கணக்கில் நேர்வது கலதி. அதுவே ஆங்கிலத்தில் 'மிஸ்டேக்'. யார்மேல் பழி என்பது குஸூர், அது 'ஃபால்ட்'. பொருளில் உள்ள குறை ஐப், அது 'டிஃபெக்ட்'. தமிழில் தவறு, குற்றம், குறை எனப் பிரிக்கலாம். மெய்யளவுக்கும் காட்டும் அளவுக்கும் உள்ள விலகல் 'எரர்'. அதில் மனிதர் மேல் பழி இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. நம் மாணவர் எழுதியிருக்க வேண்டிய சொல் அதுவே. அளவியில் 'ஜீரோ எரர்' இருந்தது, அதனால் உருப்படிகளில் 'டிஃபெக்ட்' நேர்ந்தது என்று அவர் எழுதியிருந்தால், அது பணிவின்மையாகாது, உண்மையாகும்.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. மாதிரி நிலையாணைகள் ஒழுங்கீனங்களை எண்ணும்போது வெறும் கவனக்குறைவு என்னாமல், 'ஹேபிச்சுவல்' என்னும் அடைமொழியைச் சேர்த்தன. அதன் பொருள் வழக்கமாகிவிட்ட கவனக்குறைவு. ஒருமுறை நேர்ந்தது வழக்கமாகாது. ஓர் அடைமொழி ஒரு தொழிலாளியின் பக்கம் நின்று வாதிடக் காத்திருந்தது. அதனை அவர் அறிந்திலர், அறிவித்தவரும் இலர். அறிவிக்கும் கடமை யாருடையது என்று எண்ணியபோது ஆசிரியர்களாகிய நாமே தலை குனிந்தோம்.

பிரித்தறியும் முறைகள்

மேற்கூறியவற்றிலிருந்து மாணவர் பின்பற்றத்தக்க முறைகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று, யார் யாரிடம் சொல்லும் சொல் எனப் பார்த்தல். ஈ, தா, கொடு என்பவற்றின் நெறி இது. 'ரெக்வெஸ்ட்' கீழிருந்து மேலே செல்லும். 'ஆர்டர்' மேலிருந்து கீழே வரும்.

இரண்டு, திசை பார்த்தல். 'பாரோ' கடன் வாங்குதல். 'லெண்ட்' கடன் கொடுத்தல். பணம் ஒன்றே, திசை வேறு.

மூன்று, எதிர்ச்சொல்லைக் கேட்டல். 'டால்' என்பதன் எதிர்ச்சொல் 'ஷார்ட்'. 'ஹை' என்பதன் எதிர்ச்சொல் 'லோ'. எதிர்ச்சொற்கள் வேறாயின் சொற்களும் வேறே.

நான்கு, உடன்வரும் சொல்லை நோக்கல். மழைக்கு 'ஹெவி' வரும். தேநீருக்கு 'ஸ்ட்ராங்' வரும். மாற்றினால் வழுவாகும். கரும்புக்குத் தோகையும் பனைக்கு ஓலையும் போல இதுவும் மரபு.

ஐந்து, சொல்லின் பின்விளைவைக் கேட்டல். இச்சொல்லை எழுதினால் யார்மேல் பொறுப்பு ஏறும், யாருக்கு உரிமை போகும் என வினவுதல். ஐந்தனுள் தலையாயது இதுவே. ஸதகா ஹதியாவாகும்போது சட்டம் மாறியதனை இங்கு நினைவுகூர்க.

ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்கள், அவற்றின்கீழ் இரண்டு வெவ்வேறு தமிழ்ச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக எழுதிய ஒரு வாக்கியம் என எழுதிவரலாம். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் தோன்றினால் அச்சொல்லை இன்னும் அறியவில்லை என்று பொருள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த மூதறிஞர் இராஜாஜி, 1916-ஆம் ஆண்டிலேயே அறிவியற் சொற்களைத் தமிழாக்குவதற்கென ஒரு கழகம் அமைத்தார். அப்பணி தொடங்கிய இம்மண்ணின் மாணவர்கள் ஆளுக்கு ஒரு குறிப்பேடு எழுதுதல் பெரும்பாரமன்று.

நிறைவுரை

ஆங்கிலம் அறிவது ஒரு திறன். ஆங்கிலச் சொற்களின் எல்லையை அறிவது ஒரு காப்பு. அக்காப்பினைப் பெறுவதற்குத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. மாறாக, தமிழை ஊன்றிக் கற்றவரே அதனை விரைந்து பெறுவர். தொல்காப்பிய வகுப்பை வேலைக்கு உதவாத வகுப்பு எனக் கருதும் மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: சொற்களை எடைபோடும் தராசு அங்குத்தான் கைக்குக் கிடைக்கின்றது.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஆலைக்குச் செல்லும் பிள்ளைகள் கொண்டுவரும் கடிதங்களில் அவர்கள் கையொப்பமிடுமுன், படித்தவர் ஒருவர் உடனிருந்து சொல்லுக்குச் சொல் விளக்கும் ஏற்பாடு ஒவ்வொரு தெருவிலும் அமையுமாயின் நன்று. அதுவும் ஓர் அறக்கொடையே.

நம் மாணவர் இன்று வேறொரு பட்டறையில் பணிபுரிகின்றார். காலையில் அளவியைக் கையில் எடுத்தவுடன், அதன் தொடக்கப் புள்ளியைச் சரிபார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவதாகச் சொன்னார். சொல்லைக் கையில் எடுக்கும் நாமும் அவ்வாறே செய்வோமாக.